கோரைப் பாயிலிருந்து நுரை மெத்தை வரை

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உறக்கத்தில் கழிக்கிறான். அறுபது ஆண்டு வாழ்பவன் இருபது ஆண்டு படுத்தே இருக்கிறான் என்பது இதன் பொருள். கலப்பையின் வரலாற்றையும் வாளின் வரலாற்றையும் ஆர்வத்தோடு படிக்கும் நாம், இந்த இருபது ஆண்டும் நம் முதுகைத் தாங்கும் பொருளின் வரலாற்றை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

புதுவையின் ஊரகப் பகுதியிலுள்ள பண்டசோழநல்லூர் போன்ற ஒரு சிற்றூரை எண்ணிக்கொள்வோம். அங்கே ஒரு குடும்பம் மெத்தை வாங்க முடிவு செய்கிறது. வீட்டுப் பெரியவருக்கு முதுகுவலி. பாயில் படுத்தால் காலையில் எழுந்திருக்க முடிவதில்லை. கையில் இருப்பதோ அளவான பணம். கடைக்குப் போனால் இலவம்பஞ்சு, பருத்திப் பஞ்சு, தென்னை நார், ரப்பர் நுரை, செயற்கை நுரை, சுருள்வில் என்று பலவகை மெத்தைகள் கண்முன் நிற்கின்றன. விலையும் பல மடங்கு வேறுபடுகிறது. குறைந்த விலையில் சுகமான மெத்தை எது? இக்கேள்விக்கு விடை காண, இந்தப் பொருள்கள் ஒவ்வொன்றும் எப்படி, எதற்காகப் படுக்கைக்கு வந்தன என்பதை அறிந்துகொள்வது பெரிதும் உதவும்.

குகை மனிதனின் படுக்கை

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாநிலத்தில் சிபுடு என்னும் பாறைக்குகை இருக்கிறது. அங்கே லின் வாட்லி என்ற பெண் தொல்லியலாளரும் அவருடைய குழுவினரும் அகழாய்வு நடத்தி, 77,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட படுக்கைகளைக் கண்டறிந்தனர். இக்கண்டுபிடிப்பு 2011-இல் வெளியாயிற்று. அந்தப் படுக்கை எதனால் ஆனது தெரியுமா? கோரை இனத் தாவரங்களின் தண்டும் இலையும் அடுக்கடுக்காகப் பரப்பப்பட்டிருந்தன. மேலே ஒரு மரத்தின் இலைகள் தூவப்பட்டிருந்தன. அவ்விலைகளில் கொசு முதலிய பூச்சிகளை விரட்டும் வேதிப்பொருள்கள் உள்ளன! பிற்காலத்தில், சுமார் 73,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து, பழைய படுக்கையை அவ்வப்போது தீயிட்டுக் கொளுத்திவிட்டுப் புதிதாகப் பரப்பியிருக்கிறார்கள்.

அதே மாநிலத்திலுள்ள ‘எல்லைக் குகை’ எனப் பொருள்படும் பார்டர் குகையில் இன்னும் பழமையான படுக்கை கிடைத்தது. 2020-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஏறத்தாழ 2,00,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் முதலில் சாம்பலைப் பரப்பி, அதன்மேல் புல்லைப் பரப்பிப் படுத்தனர். நுண்ணிய சாம்பலின் மீது ஊர்ந்து செல்வது பூச்சிகளுக்குக் கடினம்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. படுக்கையிடம் மனிதன் தொடக்கத்திலிருந்தே மூன்று பண்புகளை எதிர்பார்த்திருக்கிறான். அது மென்மையாக இருக்க வேண்டும். உலர்ந்து இருக்க வேண்டும். பூச்சி அண்டாமல் இருக்க வேண்டும். மெத்தையின் வரலாறு முழுவதையும் இந்த மூன்று அளவுகோல்களைக் கொண்டே அளந்துவிடலாம்.

பாயும் கயிற்றுக் கட்டிலும்

சிபுடுவில் படுக்கையான அதே கோரைக் குடும்பம்தான் நம் நாட்டிலும் பாயாயிற்று. கோரையின் தண்டில் காற்றறைகள் நிறைந்த சோறு போன்ற பகுதி உண்டு. அது ஈரத்தை ஓரளவு உறிஞ்சும், விரைவில் உலரும். வந்தவாசியிலும் காவிரிக் கரை ஊர்களிலும் கோரைப் பாய் நெசவு பெயர் பெற்றது. திருநெல்வேலிப் பகுதியிலுள்ள பத்தமடையில் கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, துணி போல மடிக்கத்தக்க பாய்களை நெய்தார்கள்.

நம் அளவுகோல்களில் பாய்க்கு எவ்வளவு மதிப்பெண்? உலர்வில் முழு மதிப்பெண். பூச்சியைத் தடுப்பதிலும் முழு மதிப்பெண், ஏனென்றால் உதறிச் சுருட்டி வைத்தால் மூட்டைப்பூச்சி ஒளிய அதிக இடமில்லை. விலையும் குறைவு. மென்மையில்தான் பாய் தோற்றுப்போகிறது.

இந்தக் குறையைத் தீர்க்க எழுந்த எளிய கண்டுபிடிப்பே கயிற்றுக் கட்டில். பதினான்காம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா இதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். இந்நாட்டுக் கட்டிலை ஒரே ஆள் தூக்கிச் செல்லலாம் என்றும், பின்னப்பட்ட இழைகளே வளைந்து கொடுப்பதால் மென்மைக்கு வேறொன்றும் தேவையில்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார். மெத்தைக்கு இங்குள்ளோர் வெள்ளை உறை போட்டு, அழுக்கானால் உறையை மட்டும் துவைத்துக்கொள்வதையும் அவர் மறவாமல் எழுதினார். இந்தச் சிறு குறிப்பை நினைவில் வைத்துக்கொள்வோம்; பின்னால் பயன்படும்.

மென்மை அரசர்க்கே உரியதாயிருந்தது

பழங்காலத்தில் மெத்தை என்பது செல்வத்தின் அடையாளம். நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டில் வருணிக்கப்படுகிறது. அது யானைத் தந்தத்தால் ஆனது. அதன் மீதிருந்த மெத்தையில் அன்னத்தின் தூவி நிரப்பப்பட்டிருந்தது. சேர மன்னனின் முரசு கட்டிலில், முரசு நீராடச் சென்றிருந்த நேரத்தில் களைத்து உறங்கிவிட்ட புலவர் மோசிகீரனாரின் கதையை நாம் அறிவோம். மெல்லிய பூக்கள் பரப்பப்பட்ட அந்தக் கட்டிலைக் கண்டதும் வழிநடந்த களைப்பில் அவருக்கு உறக்கம் வந்துவிட்டது. மன்னன் வாளை எடுக்காமல் விசிறியை எடுத்தான் என்பது புறநானூறு தரும் செய்தி. பிற்காலத்தில் பேசப்படும் ‘பஞ்ச சயனம்’ என்னும் ஐவகைப் படுக்கைக்கு அன்னத்தூவி, இலவம்பஞ்சு முதலியவற்றை உரைகாரர்கள் கூறுவர்.

மேலைநாட்டிலும் நிலைமை இதுதான். 1577-இல் இங்கிலாந்தைப் பற்றி எழுதிய வில்லியம் ஹாரிசன், தம் ஊர் முதியவர்கள் இளமையில் வைக்கோல் மீது படுத்து, மரக்கட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டதைப் பதிவு செய்திருக்கிறார். தலையணை பிள்ளை பெற்ற பெண்களுக்கே உரியது என்று அக்காலத்தில் கருதினார்களாம். 1616-இல் மறைந்த நாடகாசிரியர் ஷேக்ஸ்பியர், தம் உயிலில் ஒரு கட்டிலை மனைவிக்கென்று தனியாகக் குறித்து வைத்தார். உயிலில் எழுதும் அளவுக்குப் படுக்கை அன்று சொத்தாக மதிக்கப்பட்டது.

இலவு தந்த மெத்தை

‘இலவு காத்த கிளி’ என்பது நம் பழமொழி. காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குப் பஞ்சுதான் கிடைத்தது. ஆனால் கிளிக்கு ஏமாற்றம் தந்த அந்தப் பஞ்சு மனிதனுக்கு நல்ல மெத்தையைத் தந்தது.

இலவில் இரண்டு வகை உண்டு. சிவந்த பூப்பூக்கும் முள்ளிலவு நம் நாட்டு மரம். இன்று மெத்தைப் பஞ்சு தரும் வெள்ளிலவு, வெப்ப அமெரிக்காவையும் மேற்கு ஆப்பிரிக்காவையும் தாயகமாகக் கொண்டு பின்னர் இங்கே பரவியது. தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இலவம்பஞ்சுக்குப் புகழ் பெற்றது.

இலவம்பஞ்சின் சிறப்பு அதன் இழையின் அமைப்பில் இருக்கிறது. ஒவ்வோர் இழையும் மெல்லிய சுவருடைய குழாய். உள்ளே பெரும்பகுதியும் காற்றே. வெளியே மெழுகுப் பூச்சு. எனவே அது எடை குறைந்தது. நீரை எளிதில் ஏற்காது. தன் எடையைப் போல் இருபது, முப்பது மடங்கு எடையை நீரில் மிதக்க வைக்கும். இதனால்தான் கப்பல்களில் உயிர்காப்புச் சட்டைகளை இலவம்பஞ்சு கொண்டு செய்தார்கள். 1942-இல் ஜப்பானியப் படை சாவகத் தீவைப் பிடித்ததும் உலகத்துக்கு இலவம்பஞ்சு கிடைப்பது தடைப்பட்டது. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் வயல்வெளிகளில் எருக்கு இனச் செடியின் காய்களைப் பொறுக்கிச் சேர்த்து, அதன் பஞ்சை உயிர்காப்புச் சட்டைகளுக்காகக் கொடுத்தார்கள்!

இழை வழுக்குவதாலும் குட்டையாக இருப்பதாலும் இலவம்பஞ்சை நூலாக நூற்பது கடினம். எனவே அது நெசவாலைக்குப் போட்டியின்றி மெத்தைக்கே வந்தது. ஆனால் குழாய் போன்ற இழை நாளடைவில் நசுங்கும், உடைந்து தூளாகும். மெழுகு உள்ளதால் எளிதில் தீப்பற்றும். இவ்விரண்டும் அதன் குறைகள்.

பருத்தி மலிவான கதை

பருத்தி மெத்தை ஏழையின் வீட்டுக்கு வர வேண்டுமானால் பஞ்சும் உறைத்துணியும் மலிய வேண்டும். 1793-இல் எலி விட்னி பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் பொறியை அமைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நூற்பாலைகள் பெருகின. பஞ்சைச் சீவும்போது நூற்க உதவாத குட்டை இழைகள் கழிவாகச் சேர்ந்தன. அந்தக் கழிவுப் பஞ்சு மெத்தைக்கு நல்ல மலிவான திணிப்புப் பொருளாயிற்று.

புதுச்சேரியும் இந்த வரலாற்றில் இடம்பெற்ற ஊர். சவானா, கப்ளே, ரோடியர் என்னும் ஆலைகள் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கே இயங்கின. அவற்றின் சங்கொலி கேட்டுச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் மக்கள் வேலைக்குப் போனார்கள். நாள்தோறும் நெடுநேரம் உழைத்த அத்தொழிலாளர் வேலை நேரத்தைக் குறைக்கவும் பிற உரிமைகளுக்காகவும் போராடினர். 1936 ஜூலை 30-ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர் உயிரிழந்தனர். அதன் பின் 1937-இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. நல்ல படுக்கை மட்டும் இருந்தால் போதாது, அதில் படுக்க நேரமும் வேண்டும் என்பதை இந்த நிகழ்ச்சி நமக்கு நினைவூட்டுகிறது. அந்த ஆலைகள் இன்று ஓடவில்லை.

ஏழைகளுக்கு மெத்தை கிடைக்கச் செய்ய ஓர் அரசே முயன்ற கதையும் உண்டு. அமெரிக்காவில் பொருளாதார மந்தத்தின் இறுதியில் பருத்தி விற்காமல் தேங்கியது. அதே நேரத்தில் பருத்தி விளைவித்த ஏழை உழவர்களே நல்ல மெத்தையின்றி உறங்கினர். 1940 வாக்கில் அரசின் வேளாண்மைத் துறை, குறைந்த வருவாயுள்ள குடும்பத்துக்கு 50 பவுண்டு (சுமார் 23 கிலோ) பஞ்சும் 10 கஜம் உறைத்துணியும் கொடுத்தது. மக்கள் ஊர்ப் பொதுவிடங்களில் கூடி, தாங்களே பஞ்சை அடித்து, திணித்து, தைத்து மெத்தையை எடுத்துச் சென்றார்கள். இவ்வாறு பல இலட்சம் மெத்தைகள் உருவாயின.

பருத்தியின் குறை என்ன? அது ஈரத்தை உறிஞ்சும். சாதாரண நிலையில் தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு ஈரத்தைக் கொண்டிருக்கும்; கடலோரக் காற்றில் இது இன்னும் கூடும். அழுத்தத்தில் கட்டி கட்டியாகிவிடும். ஆனால் ஒரு பெரிய நன்மை உண்டு. மெத்தையைப் பிரித்து, பஞ்சை அடித்து, புதிய உறையில் திணித்தால் பழைய மெத்தை மீண்டும் புதிதாகும்.

நாரும் நுரையும்

தென்னை நாரில் லிக்னின் என்னும் மரப்பொருள் மிகுதி. எனவே அது விறைப்பானது, எளிதில் மட்காது. சுருட்டிய நாரின் மீது ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்தி, சூடேற்றினால் நார்கள் தொடும் இடமெல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. இடையிடையே காற்று புக வழியிருக்கிறது. இதுவே ரப்பரூட்டிய நார் மெத்தை. 1953-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி இந்தியாவில் கயிறு வாரியம் அமைந்தது. தென்னை நார்த் தொழிலின் வளர்ச்சியே அதன் பணி.

ரப்பர் பாலையே நுரையாக்கினால் என்ன? 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடேற்றி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டிருந்தார். 1929-இல் இங்கிலாந்தின் டன்லப் நிறுவன ஆய்வாளர்கள் ரப்பர் பாலை முட்டையை அடிப்பது போல அடித்து நுரையாக்கி, அந்நிலையிலேயே இறுகச் செய்தனர். நெடுநாள் உழைக்கும் மெத்தை பிறந்தது. ஆனால் விலை அதிகம்.

1937-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆட்டோ பேயர் பாலியூரித்தேனைக் கண்டார். 1950-களில் அதன் மென்னுரை சந்தைக்கு வந்தது. இன்று கடைகளில் ‘ஃபோம் மெத்தை’ எனப்படுவது பெரும்பாலும் இதுவே. 1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, உடலின் வடிவத்தை ஏற்று மெல்ல மீளும் நுரை ஒன்று உருவாக்கப்பட்டது. விமான இருக்கைக்கென்று எழுந்த அதுவே பின்னர் ‘மெமரி ஃபோம்’ என்று விலையுயர்ந்த மெத்தையாயிற்று. செயற்கை நுரையின் குறைகள் இரண்டு: காற்றோட்டம் குறைவாதலால் வெப்பத்தைத் தேக்கும், தீப்பற்றினால் நச்சுப் புகை வெளிவிடும்.

மென்மைக்கும் ஓர் அளவுண்டு

மென்மை என்றால் என்ன? ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 60 கிலோ எடையுள்ளவரின் உடல் தரையை அழுத்தும் விசை ஏறத்தாழ 600 நியூட்டன். கட்டாந்தரையில் படுத்தால் பின்தலை, தோள், இடுப்பு, குதிகால் என்று சில இடங்களே தரையைத் தொடுகின்றன. தொடும் பரப்பு 0.1 சதுர மீட்டர் என்று கொண்டால், சராசரி அழுத்தம் 6,000 பாஸ்கல், அதாவது 45 மில்லிமீட்டர் பாதரச அளவு. மெத்தையில் படுத்துத் தொடும் பரப்பு 0.3 சதுர மீட்டராக உயர்ந்தால் அழுத்தம் 15 மில்லிமீட்டராகக் குறைகிறது.

நுண் இரத்தக்குழாய்களின் தொடக்கத்தில் இரத்த அழுத்தம் சராசரியாக 32 மில்லிமீட்டர் என்று லாண்டிஸ் என்பவர் 1930-இல் அளந்து கூறினார். வெளி அழுத்தம் அதை மிஞ்சினால் அவ்விடத்தில் இரத்த ஓட்டம் தடைப்படலாம். நல்ல உடல்நிலை உள்ளவர் உறக்கத்திலேயே புரண்டு படுப்பதால் பாயில் படுத்தாலும் கேடில்லை. புரள முடியாத நோயாளிக்கோ படுக்கைப்புண் வந்துவிடுகிறது. அத்தகையவர் வீட்டில் இருந்தால் மெத்தை ஆடம்பரமன்று, மருந்து!

அப்படியானால் மெத்தை எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லதா? இல்லை. மிக மெல்லிய மெத்தையில் கனமான இடுப்பு ஆழ்ந்து, முதுகெலும்பு தொட்டில் போல வளைகிறது. இதனால்தான் ‘முதுகுவலிக்குக் கட்டாந்தரையே மருந்து’ என்ற நம்பிக்கை எழுந்தது. இந்த நம்பிக்கையையும் விஞ்ஞானம் சோதித்துப் பார்த்தது. ஸ்பெயின் நாட்டில் நெடுநாள் முதுகுவலியுள்ள 313 பேருக்கு, கடினமான மெத்தையோ நடுத்தரக் கடினமுள்ள மெத்தையோ கொடுத்து 90 நாள் கவனித்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகமாகக் குறைந்தது. 2003-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் இம்முடிவு வெளியாயிற்று. ஆகவே கல்லும் வேண்டா, குழியும் வேண்டா, நடுத்தரமே சிறந்தது.

அளவான பணத்தில் எதை வாங்கலாம்?

இனி, நாம் தொடக்கத்தில் கண்ட குடும்பத்திடம் திரும்புவோம்.

முதலில், விலையை மட்டும் பாராமல் உழைக்கும் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கணக்குக்காக, 2,000 ரூபாய் மெத்தை இரண்டு ஆண்டும், 4,500 ரூபாய் மெத்தை எட்டு ஆண்டும் உழைப்பதாகக் கொள்வோம். முன்னதற்கு ஓர் இரவுக்கு ஏறத்தாழ 2 ரூபாய் 74 காசு. பின்னதற்கு 1 ரூபாய் 54 காசு. மலிவு எது என்பது இப்போது தெளிவாகிறது.

இரண்டாவது, நுரை மெத்தையை எடை போட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் ‘32 டென்சிட்டி’, ‘40 டென்சிட்டி’ என்று கூறுவார். ஒரு கன மீட்டர் நுரை அத்தனை கிலோ எடையுள்ளது என்பதே அதன் பொருள். 6 அடி நீளம், 3 அடி அகலம், 4 அங்குலக் கனமுள்ள மெத்தையின் பருமன் 6 கன அடி, அதாவது 0.17 கன மீட்டர். 32 அடர்த்தியானால் நுரை ஏறத்தாழ 5.4 கிலோ இருக்க வேண்டும்; 40 அடர்த்தியானால் 6.8 கிலோ. தராசில் 3 கிலோதான் காட்டினால் அடர்த்தி 18-க்கும் கீழே! அது விரைவில் குழி விழும். அடர்த்தி வேறு, கடினம் வேறு என்பதையும் மறக்கலாகாது. அடர்த்தி, மெத்தை எத்தனை காலம் உழைக்கும் என்பதைக் காட்டும். கடினத்தைப் படுத்துப் பார்த்தே அறிய வேண்டும்.

மூன்றாவது, நம் நாட்டுத் தட்பவெப்பத்தை எண்ண வேண்டும். நெதர்லாந்தின் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலியோர் 1960-களில் வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளே பலருக்கு இளைப்பையும் தும்மலையும் உண்டாக்குகின்றன என்று காட்டினர். ஈரம் மிகுந்த படுக்கையில் அவை பெருகும். புதுவை போன்ற கடலோரப் பகுதியில் காற்றோட்டமுள்ள இலவம்பஞ்சு, நார் மெத்தைகள் இவ்வகையில் ஏற்றவை. உறையைத் தனியே கழற்றித் துவைப்பதும், பஞ்சு மெத்தையை வெயிலில் காயப்போடுவதும் இன்றும் சிறந்த காப்பு. ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் இபின் பதூதா கண்டு வியந்த வழக்கம் இதுவே அல்லவா?

நான்காவது, வெள்ளம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பகுதியிலும் நீர் புகுந்தது. அத்தகைய வேளையில் தரையில் கிடக்கும் பஞ்சு மெத்தை ஊறிப் பூஞ்சை பிடித்தால் மீட்பது அரிது. எனவே தாழ்ந்த வீடுகளில் மெத்தைக்கு முன் ஒரு கட்டில் வேண்டும்.

இவற்றையெல்லாம் தொகுத்தால் நமக்குக் கிடைக்கும் விடை இது. உடல்நலமுள்ள இளையோருக்குப் பாயும், அதன்மேல் மெல்லிய பஞ்சு மெத்தையும் போதும். முதுகுவலியுள்ள பெரியவருக்கு எழுந்து அமர வசதியான உயரமுள்ள கட்டிலும், அதன் மீது ரப்பரூட்டிய நார் மெத்தையும், அதற்கு மேல் ஓர் அங்குல அளவுக்குப் பஞ்சோ நுரையோ இட்ட விரிப்பும் பொருந்தும். அடியில் நார் தாங்கும், மேலே பஞ்சு அணைக்கும். பழைய பஞ்சு மெத்தை வீட்டில் இருந்தால் எறிய வேண்டா. அடித்துத் திணித்துப் புது உறை போட்டு அதையே மேல் விரிப்பாக்கலாம். புரள முடியாத நோயாளிக்கு எந்த மெத்தையானாலும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் புரட்டிப் படுக்க வைக்கும் அன்புக் கை கட்டாயம் வேண்டும்.

அன்று அன்னத்தூவி அரசிக்கு மட்டும் தந்த மென்மையை இன்று ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமும் பெற முடிகிறது. மரமும் ஆலையும் ஆய்வுக்கூடமும் சேர்ந்து நிகழ்த்திய மாற்றம் இது. ஆயினும் மென்மை, உலர்வு, பூச்சியின்மை என்று குகை மனிதன் வகுத்த மூன்று அளவுகோல்கள் மாறவில்லை. கடைக்குச் செல்லும்போது விளம்பரத்தை நம்பாமல் அந்த மூன்றையும், ஒரு தராசையும், பொறுமையாகப் படுத்துப் பார்க்கக் கால் மணி நேரத்தையும் உடன் கொண்டு செல்வோமானால், குறைந்த பணத்திலும் நிறைந்த உறக்கம் நமக்குக் கிட்டும்.